ஆக்ராவின் 78ஆம் ஸ்குவாட்ரன்: வாசகர் கேள்விகள்

இந்த வாரம் பதில் சொல்பவர், இந்திய விமானப்படையில் 26 ஆண்டுகள் எஞ்சின் ஃபிட்டராக வேலை பார்த்து 2009இல் ஓய்வு பெற்றவர். இப்போது கோவில்பட்டியில் வசிக்கிறார்.

எங்கள் ஊரிலிருந்து பறக்கும் சுகோய் விமானங்களுக்கு நடுவானிலேயே எரிபொருள் நிரப்புவார்கள் என்கிறார் என் கணவர். அப்படி ஒன்று உண்டா? யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்?
– தஞ்சாவூர் வாசகி

உங்கள் கணவர் சொன்னது சரிதான் அம்மா. தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் தொடங்கிய 222ஆம் ஸ்குவாட்ரனில், அதாவது விமானப் படைப்பிரிவில், இருப்பவை சுகோய்-30 ரகம். இந்தச் சுகோய்களுக்கு வானில் எரிபொருள் கொடுப்பது ஆக்ராவில் இருக்கும் 78ஆம் ஸ்குவாட்ரன். அது 2003இல் தொடங்கப்பட்டது. விமானத்தின் பெயரும் இல்யூஷின்-78, படையின் எண்ணும் 78. மொத்தம் ஆறு விமானங்கள். உஸ்பெகிஸ்தானின் தாஷ்கெண்டில் கட்டப்பட்டவை, எரிபொருள் கொடுக்கும் கருவிகள் இஸ்ரேலிலிருந்து வந்தவை.

அப்போது நான் ஆக்ராவில் இரண்டாவது போஸ்டிங்கில் இருந்தேன். புது விமானம் வந்து இறங்கியதும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தோம். உடம்பு எங்களுக்குப் பழகிய உடம்புதான். சரக்கும் படைவீரர்களும் ஏற்றும் இல்யூஷின்-76ஐ நாங்கள் கஜராஜ் என்போம், இது அதன் தம்பி. அதே நான்கு எஞ்சின், அதே உயரமான வால். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு, பின்பக்கம் இடப்புறம் ஒன்று என எரிபொருள் கொடுக்கும் மூன்று உருளைகள் மட்டும் கூடுதலாகத் தொங்கின. அந்த மூன்றும் வந்த பிறகு நம் போர் விமானங்களுக்கு உலக வரைபடமே சுருங்கிப்போனது. அடுத்த ஆண்டே, 2004இல், நம் ஜாகுவார் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டி அலாஸ்காவுக்குப் பயிற்சிக்குப் போய்வந்தன. 2008இல் சுகோய்கள் அமெரிக்காவின் நெவாடா வரை போயின. இரண்டு தடவையும் கூடவே போனது இந்த 78தான்.

அவ்வளவு வேகத்தில் இரண்டு விமானங்களும் எப்படி ஒட்டிக்கொள்கின்றன? மோதிக்கொள்ளாதா?
– கல்லூரி மாணவர், சிவகாசி

விமானங்கள் ஒட்டுவதில்லை தம்பி. நடுவில் ஒரு நீளமான குழாய் இருக்கிறது.

நான் சொன்ன உருளைகளுக்குள் குழாய் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். வேண்டிய உயரம் வந்ததும் அது பின்பக்கமாக அவிழ்ந்து இறங்கும். நுனியில் இறகுப் பந்து போல விரிந்த ஒன்று உண்டு. எங்களுக்கு அது வெறும் கூடை. காற்று அந்தக் கூடையைப் பிடித்து இழுப்பதால்தான் குழாய் விறைப்பாக நிற்கிறது. போர் விமானத்தின் மூக்குப் பக்கம் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். விமானி பின்னாலிருந்து வந்து, அந்தக் கம்பியைக் கூடைக்குள் சொருக வேண்டும். சொருகியதும் வால்வு திறந்து எரிபொருள் பாயும்.

இரண்டும் ஒரே திசையில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போவதால், ஒன்றுக்கு இன்னொன்று கிட்டத்தட்ட அசையாமல் நிற்பதுபோலத்தான். விமானி சொருகும்போது நடைவேகத்தில்தான் நெருங்குவார். சிரமம் என்னவென்றால், காற்றில் கூடை ஆடும். ஆடுகிறதே என்று அதைத் துரத்தினால் கிடைக்காது. டேங்கரின், அதாவது எரிபொருள் கொடுக்கும் விமானத்தின், உடம்பைப் பார்த்து, தன் விமானத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

2018 செப்டம்பர் 10 அன்று நம் தேஜஸ் விமானம் முதல் தடவையாக இப்படி எரிபொருள் வாங்கியது. 20,000 அடி உயரம், 270 நாட் வேகம். அதாவது மணிக்கு 500 கிலோமீட்டர். 1,900 கிலோ எரிபொருள் உள்ளே போனது. கொடுத்தது ஆக்ராவின் இல்யூஷின்-78. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தேஜஸ் விமானியின் திறமையைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார்கள், சந்தோஷம். ஆனால் எதிரே, டேங்கரின் வாலில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கஜராஜில் துப்பாக்கிக்காரர் உட்காரும் இடம் அது. இதில் அங்கிருந்தபடி பின்னால் வரும் விமானத்தையும் குழாயையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

போர் விமானத்திலேயே பெரிய டேங்க் வைத்துவிட்டால் என்ன?
– வாசகர், தூத்துக்குடி

எடை. முழு டேங்கும் முழு ஆயுதமும் சேர்ந்தால் சில ஓடுதளங்களில் கிளம்பவே முடியாது, அதுவும் கோடை வெயிலில். அதனால் எரிபொருளைக் குறைத்து, ஆயுதத்தை நிறைய ஏற்றிக் கிளம்பி, மேலே போய் நிரப்பிக்கொள்வார்கள்.

1988இல் மாலத்தீவுக்குப் போனதும் இந்தப் படைதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

இல்லை ஐயா. அது 44ஆம் ஸ்குவாட்ரன், கஜராஜ் படை. ஆனால் அந்தக் கதையை விட்டுவிட்டு 78ஐப் பற்றிப் பேச என்னால் முடியாது.

44 தொடங்கியது 1961இல், ஆன்டனோவ்-12 விமானங்களோடு. சரக்கு ஏற்றும் படைதான். ஆனால் 1971 போரில் அந்தச் சரக்கு விமானங்களின் பின்கதவு வழியாகவே குண்டுகளை உருட்டித் தள்ளி, லாகூர் பக்கம் சங்கா மங்கா காட்டிலிருந்த வெடிமருந்துக் கிடங்கைத் தாக்கினார்கள். அதற்குத் தலைமை தாங்கிய விங் கமாண்டர் வசிஷ்டுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. கஜராஜ் வந்தது 1985இல்.

1988 நவம்பர் 3 அன்று எனக்கு 23 வயது. ஆக்ராவில் முதல் போஸ்டிங். விடிந்ததிலிருந்து எஞ்சின்களைச் சோதித்துக்கொண்டே இருந்தோம். எங்கே போகிறது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்புறம் பாராசூட் படை வீரர்கள் லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். இலங்கையின் புளொட் அமைப்பைச் சேர்ந்த கூலிப்படையினர் மாலேயில் இறங்கி, அதிபர் கயூமின் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தது எங்களுக்கு மறுநாள்தான் தெரியும். விமானங்கள் எங்கும் நிற்காமல் 2,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, அன்று இரவே ஹுலுலே தீவில் இறங்கின. நாலு பக்கமும் கடல், இருட்டு, ஓடுதளம் யார் கையில் இருக்கிறது என்ற கவலை வேறு. கூலிப்படையினர் பிணைக்கைதிகளோடு கப்பலில் தப்பிப் போக, ஐஎன்எஸ் கோதாவரியும் பேட்வாவும் விரட்டிப் பிடித்தன.

பிடிபட்டவர்கள் நம் மொழி பேசுகிறவர்கள் என்று தெரிந்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. கூட வேலை பார்த்த பஞ்சாப்காரர் தோளில் கை வைத்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவு பெரிய நாட்டுக்கு ஆறு டேங்கர் போதுமா?
– வாசகர், திருச்சி

போதாது. ஆறும் ஒரே நேரத்தில் பறக்கும் நிலையில் இருக்காது. உதிரிபாகத்துக்குக் காத்திருப்பது ஒன்று, பராமரிப்பில் நிற்பது ஒன்று என்று எப்போதும் சில தரையில் இருக்கும். 2017இல் அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கையே இதைச் சுட்டிக்காட்டியது. புதிய டேங்கர் வாங்கும் முயற்சி இரண்டு தடவை முடிவுக்கு அருகே வந்து ரத்தானது. போர் விமானம் வாங்குவதற்கு நடக்கும் விவாதத்தில் நூறில் ஒரு பங்கு இதற்கும் நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

நீங்கள் வானில் எரிபொருள் நிரப்புவதை நேரில் பார்த்ததுண்டா?
– பள்ளி மாணவி, சாத்தூர்

இல்லை பாப்பா. நான் தரையில் நிற்கிற ஆள். டிசம்பர், ஜனவரியில் ஆக்ராவில் பனி மூடினால் பத்தடி தள்ளி நிற்கிறவர் தெரியாது. வெளியே போன டேங்கர் திரும்பி வருவதை முதலில் காதால்தான் கேட்போம். நின்று எஞ்சின் அணைந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போவேன். ஒவ்வொரு எஞ்சினாக டார்ச் அடித்துப் பார்ப்பேன், நாலுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் விமானிகள் டீ குடித்துவிட்டு வந்து, “எப்படி இருக்கு?” என்று என்னிடம் கேட்பார்கள்.