மூட்டை தூக்கவும் வாத்தியார் உண்டு

ஐயா, வணக்கம். எனக்கு 47 வயது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன், வங்கி வேலை. சில மாதங்களாக ஒலிம்பிக் பளு தூக்குதல் பழகுகிறேன். யூடியூப் பார்த்துத்தான். ஸ்னாட்சில், அதாவது கம்பியைத் தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்குவதில், 40 கிலோவுக்கு மேல் நகரவில்லை, வலது தோளும் வலிக்கிறது. வீடியோ இணைத்திருக்கிறேன். "இந்த வயசுல எதுக்கு இது?" என்கிறார் மனைவி. நண்பர்கள் கோச்சிடம் போகச் சொல்கிறார்கள். நம் ஊர் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் எந்தக் கோச்சிடம் போனார்கள்? இயல்பாக வருவதுதானே உடம்புக்கு நல்லது? அதற்கென்று விற்கும் ஷூ தேவையா? என் எடையை என்றாவது தலைக்கு மேல் தூக்குவேனா?

அன்புள்ள நண்பருக்கு,

ஷூ வாங்குங்கள். அடி கெட்டியாக, குதிகால் உயர்ந்ததாக இருக்கட்டும். கணுக்கால் இறுகிப்போன நம் வயதுக்காரர்கள் ஆழமாக உட்கார அது உதவும். ஓடுகிற ஷூ வேண்டாம், அடி அமுங்கும். மனைவியிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள். தோள் வலியை டாக்டரிடம் காட்டும்வரை கம்பியைத் தலைக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். அப்படியே இரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள், மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது அது எகிறும்.

சரி, மூட்டை தூக்குகிறவர்களுக்கு வருவோம். அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நாளாக அவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடலூர் முதுநகரில் என் மாமா அரிசி மண்டி வைத்திருந்தார். பள்ளிக்கூட விடுமுறை முழுக்க எனக்கு அங்கேதான். அப்போதெல்லாம் மூட்டை நூறு கிலோ. புதிதாக வருகிற பையன் கையில் யாரும் மூட்டையைக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் கொக்கி போடப் பழக வேண்டும். அப்புறம் சும்மாடு கட்ட. அப்புறம் அரை மூட்டையோடு பலகையில் ஏறி லாரிக்குள் போய் வர. ஒரு வயதான மேஸ்திரி வாசலில் நின்றுகொண்டு நாள் முழுக்கக் கத்துவார்: "கையால இழுக்காதடா, காலால எழுந்திரு!" முதுகு வளைந்தால் இடுப்பில் ஒரு தட்டு விழும். மூட்டை சரிந்தால் அதைத் தாங்கிப்பிடிக்க விடமாட்டார், விட்டுவிட்டு விலகச் சொல்வார். அந்தப் பையன்கள் தூக்கிய விதம் முழுக்க அவர் கொடுத்தது. கற்பித்தவர் உங்கள் கண்ணில் படவில்லை என்பதற்காக அதை இயல்பு என்று எழுதிவிடுவீர்களா? உடம்பால் உழைப்பவனுக்குப் படிப்பே தேவையில்லை என்று நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் நினைப்பது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது. அவ்வளவு பழகியும் அவர்களில் பலர் ஐம்பது வயதில் முட்டி தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்தார்கள். நூறு கிலோவைத் தினமும் சுமப்பது எந்த உடம்புக்கும் கொடுமைதான். பழகாமல் சுமந்திருந்தால் முப்பதிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

உங்கள் வீடியோவைப் பார்த்தேன். மேஸ்திரி பார்த்திருந்தால் கத்தியிருப்பார். கம்பி முட்டியைத் தாண்டியதுமே உங்கள் முழங்கை மடங்கிவிடுகிறது. அப்புறம் காலும் இடுப்பும் கொடுக்கிற விசை கம்பிக்கு முழுதாகப் போய்ச் சேராது. கை நீண்டே இருக்க, கால் நிமிர்ந்து இடுப்பு விரியும்போது கம்பி கிளம்ப வேண்டும். கிளம்பிய கம்பியை இன்னும் மேலே இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது, நீங்கள் சட்டென்று அதற்கு அடியில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். நீங்களோ நின்றபடி தோளால் தள்ளி முடிக்கிறீர்கள். போட்டியில் ஸ்னாட்சை அப்படித் தள்ளி முடித்தால் நடுவர்கள் செல்லாது என்பார்கள். தள்ளுவதற்கென்றே ஒலிம்பிக்கில் 'பிரஸ்' என்று தனியாக ஒன்று இருந்தது. ஆட்கள் உடம்பைப் பின்னால் வளைத்து வளைத்துத் தள்ள, எது சரி எது தப்பு என்று நடுவர்களால் சொல்ல முடியாமல் போனது. 1972 மியூனிக்கோடு அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது ஸ்னாட்சும், முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்குகிற கிளீன் அண்ட் ஜெர்க்கும் மட்டும். இரண்டிலும் தோளை நம்பிப் பிழைக்க முடியாது.

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து போன சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில், 149 கிலோவை ஸ்னாட்ச் செய்து தங்கம் வாங்கினார். அவருடைய அப்பாவும் பளு தூக்கியவர். அந்த வீட்டுப் பிள்ளைக்கே பக்கத்தில் நின்று திருத்த ஆள் தேவைப்பட்டது. உங்களுக்குத் தேவையில்லையா?

47-இல் ஆரம்பித்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உலகம் முழுக்க, வயதில் மூத்தவர்களுக்கான மாஸ்டர்ஸ் போட்டிகளில் எழுபது வயதுக்காரர்களும் மேடை ஏறுகிறார்கள். ஆனால் நம் வயதில் தசை பலமாகிற வேகத்துக்குத் தசைநாண் ஈடுகொடுக்காது. பட்டால் ஆறவும் நாளாகும். அதனால்தான் பதினைந்து வயதுப் பையனைவிட உங்களுக்குத்தான் கோச் அவசரம்.

உங்கள் எடையைத் தூக்குவதைப் பற்றி அடுத்த வருஷம் பேசலாம். தோளை டாக்டர் பார்த்து முடித்ததும் உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கத்துக்குப் போய், பளு தூக்குதல் யார் சொல்லித்தருகிறார்கள் என்று விசாரியுங்கள். அவர் உங்கள் மகன் வயதில் இருக்கலாம். 'வாங்க, போங்க' என்றே பேசுங்கள். வெறும் கம்பியைக் கொடுத்தால் வெறும் கம்பியையே தூக்குங்கள், கம்பு கொடுத்தால் கம்பு. அடுத்த வீடியோவை எனக்கு அனுப்ப வேண்டாம், அவரிடம் காட்டுங்கள்.