சூரியப் புயலால் மலேசியா போன்ற நிலநடுக்கோட்டு நாடுகளுக்குப் பாதிப்பு உண்டா?

உண்டு. "துருவ ஒளியே தெரியாத ஊரில் சூரியப் புயல் என்ன செய்துவிடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பினாங்கில் நில அளவையாளராக வேலை செய்கிறேன். என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

2024 மார்ச்சில் செபராங் பிறையில் ஒரு சாலை விரிவாக்கப் பணி. பகலில் வாகன நெரிசல் என்பதால் இரவு எட்டு மணிக்குமேல்தான் அளந்தோம். வானம் தெளிவாக இருந்தது. ஜிபிஎஸ் அளவைக் கருவியின் திரையில் செயற்கைக்கோள்களுக்கும் குறைவில்லை. ஆனாலும் சென்டிமீட்டர் துல்லியத்தில் நிற்க வேண்டிய அளவு நிலைகொள்ளாமல் ஓடிக்கொண்டே இருந்தது. "அண்ணே, கருவி கெட்டுவிட்டதா?" என்று உதவியாளத் தம்பி பதறினான். கருவி நன்றாகத்தான் இருந்தது. கலவரம் நடந்தது எங்கள் தலைக்குமேல் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் காற்று மின்னேற்றத் துகள்களாகப் பிரிந்து நிற்கும் அயனி மண்டலத்தில். இத்தனைக்கும் அன்று புயல் எதுவும் இல்லை.

நம்மைப் பற்றி நாமே அறியாத விஷயம் இதுதான். பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் கோடான புவிக்காந்த நடுக்கோடு நமக்குச் சற்று வடக்கே, தென் தாய்லாந்தின் மேலே செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியா முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதே கோட்டின் அருகாமைதான் காரணம். இந்தக் கோட்டின்மேல் காந்தப்புலம் படுக்கைவசமாக இருப்பதால், பகலில் கிழக்கு நோக்கிய மின்புலம் மின்னேற்றத் துகள்களை மேலே தூக்குகிறது. பொழுது சாயும் வேளையில் அந்தத் தூக்கல் இன்னும் வேகமெடுக்கும். கதிரவன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் அடிப்பகுதியில் துகள்கள் விரைவில் வற்றிவிடும். மேல்பகுதியோ அடர்த்தியாகவே நிற்கும். அடியில் எண்ணெயும் மேலே தண்ணீரும் இருந்தால் என்ன ஆகும்? எண்ணெய் குமிழ்குமிழாகக் கிளம்பும். அப்படித்தான் துகள் குறைந்த குமிழிகள் மேலேறுகின்றன. அவற்றின் ஊடே வரும் ஜிபிஎஸ் அலை, சூடான தார்ச்சாலைக்குமேல் தெரியும் காட்சிபோல நடுங்கும். நம் பகுதியில் மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், அதிலும் சூரியன் உச்சச் செயல்பாட்டில் இருக்கும் ஆண்டுகளில், இது மிக அதிகம்.

இப்போது புயலுக்கு வருகிறேன். சூரியனிலிருந்து ஓயாமல் வெளியேறும் துகள் ஓட்டமான சூரியக் காற்று சாதாரணமாக நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். புயலின்போது அது பல மடங்காகலாம். அது சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தப்புலத்தோடு பிணைந்துகொள்ளும். துருவப் பகுதியில் எழும் மின்புலம் சில நிமிடங்களில் நடுக்கோடுவரை ஊடுருவிவிடும். அந்த நேரத்தில் நமக்கு அந்தி என்றால், குமிழிகள் வழக்கத்தைவிட உயரமாகக் கிளம்பும். சில மணி நேரம் கழித்து நிலைமை தலைகீழாகும்: துருவங்களில் சூடேறிய காற்று நடுக்கோட்டை நோக்கி வீசி எதிர்த்திசை மின்புலத்தை உண்டாக்கும், குமிழிகள் அடங்கிப்போகும். ஆகவே புயல் எவ்வளவு பெரியது என்பதோடு, நம் கடிகாரத்தில் எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

2003க்குப் பிறகு வந்தவற்றுள் மிகக் கடுமையான 2024 மே மாதப் புயல் பூமியைத் தாக்கியபோது மலேசியாவில் மே 11, அதிகாலை ஒரு மணி; அந்தி கடந்து வெகுநேரம் ஆகியிருந்தது. லடாக்கில்கூடத் துருவ ஒளி தெரிந்தது. அமெரிக்காவில் விதைப்புக் காலம். ஜிபிஎஸ் வழிகாட்டும் டிராக்டர்கள் தடம் மாறி, பல உழவர்கள் வேலையை நிறுத்தினார்கள்.

சூரியனில் திடீரென நிகழும் வெடிப்பான சூரியப் பிழம்பு எழுப்பும் எக்ஸ் கதிர்கள் தனிக் கதை. எட்டே நிமிடத்தில் வந்து, பகலாக இருக்கும் பக்கத்தில் சிற்றலை வானொலியை அமுக்கிவிடும்.

இப்போதெல்லாம் மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் இரவு அளவை என்றால் நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தொடங்கும்முன், இருப்பிடம் ஏற்கெனவே துல்லியமாகத் தெரிந்த புள்ளி ஒன்றை இரண்டு முறை அளந்து பார்த்துவிடுகிறோம்.