டௌஸ் பனிச்சறுக்கு மலை: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: அண்ணா, டௌஸ் என்பது பொருளாதார மாநாடு நடக்கும் டாவோஸ்தானா?

இல்லை தம்பி. டாவோஸ் இருப்பது சுவிட்சர்லாந்தில். டௌஸ் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் தென்பகுதியில் இருக்கிறது. அடிவாரமே சுமார் 9,200 அடி உயரம்.

கேள்வி: ஒரே குடும்பம் ஆரம்பித்ததாமே?

ஆமாம். எர்னி பிளேக், அவர் மனைவி ரோடா. எர்னி ஜெர்மனியில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வளர்ந்த யூதர். சின்ன செஸ்னா விமானத்தில் பறந்தபோது, பனி நிறைந்த இந்தப் பள்ளத்தாக்கு அவர் கண்ணில் பட்டது. பழைய தாமிரச் சுரங்க ஊர் இருந்த இடம் அது. 1955இல் குழந்தைகளோடு ஒரு சின்ன டிரெய்லர் வண்டியில் குடியேறி வேலையைத் தொடங்கினார்கள். வசதி வந்த பிறகு கட்டிய இடமல்ல. அதனால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம்.

கேள்வி: சரிவுகளுக்கு ஏன் ஜெர்மன் பெயர்கள்?

நல்ல கேள்வி. ஸ்டாஃபென்பெர்க், ட்ரெஸ்கோ, ஓஸ்டர் மூவரும் ஹிட்லரை ஒழிக்கச் சதி செய்த ஜெர்மானிய ராணுவ அதிகாரிகள். எர்னி போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து ஜெர்மன் கைதிகளை விசாரித்தவர். உயிரைக் கொடுத்த அந்த மனிதர்களின் பெயர்களை மலையின் மிகச் செங்குத்தான சரிவுகளுக்கு வைத்தார். கல்லில் பெயர் பொறிப்பதைவிட இது பெரிய மரியாதை என்பேன். கீழே இறங்குகிற ஒவ்வொருவர் வாயிலும் அந்தப் பெயர் வருகிறதே!

கேள்வி: சார், நான் இப்போதுதான் கற்கிறேன். போகலாமா?

தாராளமாக. அடிவாரத்தில் நின்று நிமிர்ந்தால் ஆல்ஸ் ரன் சரிவு சுவர் மாதிரி மேடும் பள்ளமுமாக நிற்கும், வயிற்றைக் கலக்கும். அங்கேயே ஒரு பலகை இருக்கிறது: பதறாதீர்கள், நீங்கள் பார்ப்பது முப்பதில் ஒரு பங்குதான், எளிய சரிவுகளும் நிறைய உண்டு என்று. ஆல் என்பவர் ஒரு மருத்துவர். இதய நோய் வந்த பிறகும் ஆக்சிஜன் சிலிண்டரைச் சுமந்துகொண்டு சறுக்கியவர். அப்புறம், முதல் நாளே பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்னோபோர்டு (இரண்டு கால்களையும் ஒரே பலகையில் வைத்துச் சறுக்குவது) உண்டா?

2008 மார்ச்சிலிருந்து உண்டு.

கேள்வி: இப்போதும் பிளேக் குடும்பத்திடம்தானா?

இல்லை. எர்னி 1989இல் மறைந்தார். 2013 இறுதியில் லூயிஸ் பேக்கன் என்ற கோடீஸ்வர முதலீட்டாளருக்கு விற்பதாகக் குடும்பம் அறிவித்தது. அங்குள்ள கச்சினா சிகரத்துக்கு லிஃப்ட் (கம்பியில் தொங்கியபடி மேலே ஏற்றிச்செல்லும் இருக்கைகள்) வந்தது அதற்குப் பிறகுதான். முன்பெல்லாம் ஸ்கீ பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க ஏறவேண்டும். 12,481 அடி! லிஃப்டில் போனாலும் நிறையத் தண்ணீர் குடியுங்கள், முதல் நாள் அவசரப்படாதீர்கள். அந்த உயரத்தில் தலைவலி சீக்கிரம் வந்துவிடும்.