தென்னாப்பிரிக்காவில் ஜூலு பிள்ளைகளிடையே ஊழியம் செய்ய எங்கள் சபை ஒரு குழுவை அனுப்புகிறது. இரண்டு வார மிஷன் பயணத்தால் அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது பயன் உண்டா?

போங்கள், பயன் உண்டு. ஆனால் யாருக்கு உதவப் போகிறோம் என்பதில் தெளிவாக இருங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்கச் சோறு போட்டு, குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். பெரும்பாலும் பாட்டிகள், அப்புறம் அக்கம்பக்கத்துப் பெண்கள். அவர்கள் சுமையில் கொஞ்சத்தை இறக்கி வைக்கும் குழுவால்தான் பிள்ளைகளுக்கு நன்மை. அவர்களைத் தாண்டி நேராகப் பிள்ளைகளிடம் போகும் குழு எவ்வளவு அன்போடு போனாலும், அது ஊர் திரும்பிய மறுவாரமே அங்கே அதன் சுவடு இருக்காது.

நான் பள்ளி ஆசிரியை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் சபைக் குழுவோடு குவாஜூலு-நட்டால் மாகாணத்துக்குப் போயிருந்தேன். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவில், ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு என்று சொல்லப்படும் பகுதியில் வேலை. எங்களைத் தங்கவைத்தவர்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஒரு சபையார். நிறவெறி ஆட்சிக் காலத்தில் இந்திய வம்சாவளியினரை ஒதுக்கிக் குடியமர்த்திய இடம் அது. 1860-இலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக மதராசில் கப்பலேறியவர்களின் கொள்ளுப்பேரன் பேத்திகள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், ஆனால் பிள்ளை, கோவிந்தர், நாயுடு என்ற பெயர்கள் அப்படியே இருக்கின்றன.

சரி, ஏன் இத்தனை பாட்டிகள் பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள்? இதைத் தெரிந்துகொள்ளாமல் விமானம் ஏறாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. மிக அதிகமாகப் பாதித்த மாகாணங்களில் ஒன்று இது. 2000-ஆம் ஆண்டு டர்பனில் உலக எய்ட்ஸ் மாநாடு நடந்தபோது, பிறவியிலேயே தொற்றுக்கு ஆளான என்கோசி ஜான்சன் என்ற 11 வயதுச் சிறுவன் மேடையேறி, கர்ப்பிணித் தாய்மாருக்கு மருந்து கொடுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டான். அடுத்த ஆண்டு, 12 வயதில் இறந்துபோனான். அன்றைய அரசு தயங்கித் தயங்கி நாளைக் கடத்தியது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் மருந்தை அரசு மருத்துவமனைகளில் கொடுக்கச் சொல்லி 2002-இல் அரசியலமைப்பு நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. பொது மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.-யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004-இல்தான் தொடங்கியது. அந்த இடைவெளியில் ஒரு தலைமுறையின் தாய் தகப்பன்மார் போய்விட்டார்கள். மருந்து வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. ஆனாலும் வேலை தேடி ஜோகன்னஸ்பர்க்குக்கோ டர்பனுக்கோ போகும் பெற்றோர், சுரங்க வேலைக் காலத்திலிருந்தே பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுத்தான் போகிறார்கள். ஒரு பிள்ளைக்கு அரசு தரும் உதவித்தொகை 2024-இல் மாதம் 530 ராண்ட், நம் பணத்தில் ஏறக்குறைய 2,400 ரூபாய். பாட்டியின் முதியோர் தொகை 2,000 ராண்டுக்குச் சற்று மேல். பல வீடுகளில் அந்த ஒரு தொகையை நம்பித்தான் மொத்தக் குடும்பமும் இருக்கிறது.

நாங்கள் வேலை செய்த இடம் ஒரு சாப்பாட்டு மையம். பழைய கப்பல் கண்டெய்னர் ஒன்று, பக்கத்தில் தகரக் கொட்டகை, விறகடுப்பில் மூன்று கால் வைத்த இரும்புப் பானைகள். அந்த ஊர்ப் பெண்களே நடத்துகிறார்கள். மக்காச்சோள மாவை உதிரியாகக் கிண்டிய புட்டு, அதற்கு அவரை இனத்து பீன்ஸ் குழம்பு, முட்டைக்கோஸ். பள்ளி நாட்களில் அரசு மதிய உணவு உண்டு. மண்டேலா பதவியேற்ற 1994-இல் ஆரம்பித்த திட்டம் அது. விடுமுறையில் பள்ளிச் சாப்பாடு இல்லை. ஜூன் கடைசியில் பள்ளி மூடினால் ஜூலையில்தான் திறக்கும். அந்த வாரங்களில் மையத்துக்கு வரும் பிள்ளைகளின் கூட்டம் கூடிவிடுகிறது. வெளியூர், வெளிநாட்டுக் குழுக்களும் சரியாக அந்த விடுமுறையில்தான் வந்து இறங்குகின்றன. சமையல் அம்மாக்களுக்கு ஏற்கெனவே மூச்சு முட்டும் நேரத்தில், விருந்தாளிகளுக்கு டீ போட்டு, நாற்காலி தேடிப் போட்டு, வரவேற்புப் பாட்டுக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் வேலையும் சேர்ந்தால் எப்படி இருக்கும்?

அதனால் எங்கள் குழுத் தலைவராகப் போன அக்கா முதல் நாளே அந்தப் பெண்களிடம், காலையில் எங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார். தண்ணீர் எடுக்கணும், முட்டைக்கோஸ் நறுக்கணும், பானை தேய்க்கணும், கொட்டகைத் தகரம் ஒழுகுகிறது என்றார்கள். எங்களோடு வந்த எலக்ட்ரீஷியன் தம்பி தகரத்தைச் சரி செய்துவிட்டு, கண்டெய்னருக்குள் ஆபத்தாகத் தொங்கிய வயர்களையும் ஒழுங்கு பண்ணினார். நாங்கள் கொண்டுபோன விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) பாட்டும் பொம்மலாட்டமும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அதையும் அந்த ஊர் வாலிபப் பிள்ளைகள்தான் முன்னால் நின்று ஜூலுவில் நடத்தினார்கள், நாங்கள் பின்னால் நின்றோம். பாட்டு விஷயத்தில் நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் யாரும் பிரித்துக் கொடுக்காமலே மூன்று நான்கு குரலாகப் பிரிந்து பாடுகிறார்கள். எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது.

இன்னொன்று. சுவிசேஷம் கேள்விப்படாத ஊருக்குப் போகிறோம் என்று உங்கள் சபையில் யாராவது ஜெபித்தால், அன்போடு திருத்துங்கள். ஜூலு மொழியில் முழு வேதாகமம் 1883-இலேயே வந்துவிட்டது. அமெரிக்க மிஷனெரிகள் 1835-இல் டர்பனில் இறங்கினார்கள். 1869-இல் டர்பன் பக்கத்து இனாண்டாவில் பெண்பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி தொடங்கினார்கள், இன்றும் நடக்கிறது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் முதல் தலைவர் ஜான் டூபே இனாண்டா மிஷனில் பிறந்தவர். நோபல் சமாதானப் பரிசு வாங்கிய ஆல்பர்ட் லுத்துலி மிஷன் கல்லூரியான ஆடம்ஸில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்தவர். இசாயா ஷெம்பே 1910-இல் தொடங்கிய நசரேத் பாப்டிஸ்ட் சபையார் சனிக்கிழமைகளில் வெள்ளை அங்கி உடுத்திக் குன்றுகளில் திறந்தவெளியில் கூடி ஆராதிப்பதை நீங்களே பார்ப்பீர்கள். நாம் போவது விசுவாசத்தில் மூத்தவர்களின் வீட்டுக்கு.

இதைச் சொல்லும்போது எனக்கு எங்கள் ஊர்ப் பக்கத்து டோனாவூர்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியா வந்தவர் சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை, 1951-இல் இறக்கும்வரை பிள்ளைகளோடே இருந்துவிட்டார். இனாண்டா பள்ளியின் முதல் தலைமையாசிரியை மேரி எட்வர்ட்ஸும் 1868-இல் போய், 1927-இல் சாகும்வரை அங்கேயே இருந்தவர். மிஷன் ஊழியத்தின் பலனை வாங்கிக்கொண்ட ஊரில் வளர்ந்தவள் நான். பிள்ளைகளின் வாழ்க்கையை மாற்றியது கூடவே தங்கியதுதான் என்பதை என் பாட்டி தலைமுறையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நம்மால் எல்லோராலும் தங்க முடியாது. ஆனால் தங்கியிருக்கிறவர்களைத் தாங்க முடியும்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு ஆசிரியையாக நான் கவனித்ததைச் சொல்ல வேண்டும். நான் போனபோது அங்கே மூன்றாம் வகுப்புவரை ஜூலுவில் படித்தார்கள், நான்காம் வகுப்பில் திடீரென்று எல்லாப் பாடமும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. 2021-இல் நடந்த சர்வதேச வாசிப்புத் தேர்வில் தென்னாப்பிரிக்காவின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேரால் பொருள் புரிந்து வாசிக்க முடியவில்லை. நான் பார்த்த பத்து வயதுப் பையன் ஒருவன் ஆங்கிலப் பக்கத்தைத் தங்குதடையில்லாமல் வாசித்தான். அந்தக் கதையில் நாய் எங்கே போனது என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அதே கதையை உள்ளூர் அக்கா ஒருத்தி ஜூலு புத்தகத்திலிருந்து வாசித்ததும், நாய் ஏன் அங்கே போனது என்பதுவரை விளக்கினான், எழுந்து நின்று நடித்துக்கூடக் காட்டினான். அதனால் நம் பெட்டியில் ஆங்கிலக் கதைப் புத்தகங்களை அடைத்துக்கொண்டு போவதைவிட, அங்கேயே கிடைக்கும் ஜூலு கதைப் புத்தகங்களை வாங்கி மையத்துக்குக் கொடுப்பது நல்லது.

தலை குனிவது பற்றியும் ஒரு வார்த்தை. பெரியவர்கள் முகத்தை நேராகப் பார்க்காமல் பேசுவது அங்கே மரியாதை. எதையாவது வாங்கும்போது வலது கையை நீட்டி, இடது கையால் அந்த முழங்கையைத் தொட்டுக்கொள்வார்கள். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். எங்களோடு வேறு நாட்டிலிருந்து வந்திருந்த சில இளைஞர்கள், பாவம் இந்தப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கையே இல்லை என்று வருத்தப்பட்டார்கள். தன்னம்பிக்கையைப் பார்க்க வேண்டுமென்றால் அவர்களோடு தரையில் உட்கார வேண்டும். அமாகெண்டே என்று ஒரு விளையாட்டு. மண்ணில் வட்டம் போட்டுக் கூழாங்கற்களைக் குவித்து, ஒரு கல்லை மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் மற்றவற்றை வெளியே இழுத்து, அடுத்த எறியில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் திரும்ப வட்டத்துக்குள் தள்ள வேண்டும். நம் தட்டாங்கல்லேதான். மொழி தெரியாத எனக்கும் அந்தப் பெண்பிள்ளைகளுக்கும் நடுவில் அந்தக் கற்கள்தான் பேசின. ஒரு சின்னப் பெண், முதுகில் தம்பியைத் துண்டால் கட்டிக்கொண்டே ஆடினாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் தட்டில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடினாள். வீட்டில் இருக்கும் பாட்டிக்காம். சமையல் அம்மா ஒன்றும் கேட்காமல் அந்த டப்பாவைத் திறந்து இன்னும் இரண்டு கரண்டி போட்டு மூடிக் கொடுத்தார். எந்தப் பிள்ளை எதற்காக டப்பா கொண்டுவருகிறது என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவு நம் இரண்டு வாரத்தில் வராது.

நம் முகத்தோடு போகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றும் உண்டு. அங்கே நம்மைப் பார்த்ததும் டர்பன் இந்தியர் என்றுதான் நினைப்பார்கள். இரண்டு சமூகத்துக்கும் நடுவில் ஆறாத காயங்கள் உண்டு. 1949 ஜனவரியில் டர்பனில் நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். 2021 ஜூலையில் கடைகள் சூறையாடப்பட்ட நாட்களில் ஃபீனிக்ஸ் என்ற இந்தியர் பகுதியில் 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், சாட்ஸ்வொர்த் சபைப் பெண்களும் அந்தக் குன்றுப் பெண்களும் ஒரே அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். நாங்கள் போய் வந்ததில் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் அதுதான். அந்த உறவு எங்களால் வந்ததல்ல, எங்களுக்கு முன்பே அவர்களாகக் கட்டியது.

இனி கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை. தென்னாப்பிரிக்கக் குழந்தைகள் சட்டப்படி, பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களின் பெயர், பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவர்களின் தேசியப் பதிவேட்டில் இல்லை என்று சரிபார்க்க வேண்டும். அழைக்கும் அமைப்பு இதைக் கேட்கவே இல்லையென்றால், நீங்கள் கேளுங்கள். கேட்டும் மழுப்பினால் அங்கே போக வேண்டாம். பெற்றோர் உயிரோடிருந்தும் பிள்ளைகளை விடுதியில் வைத்து, வருகிற குழுக்களுக்குக் காட்டிக் காணிக்கை வாங்கும் இடங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. பிள்ளை அதன் சொந்த வீட்டில் இருக்க உதவும் மையத்தையே தேர்ந்தெடுங்கள். பாட்டியின் அனுமதி இல்லாமல் பிள்ளையைப் போட்டோ எடுக்காதீர்கள், நோயைப் பற்றி எதையும் எழுதாதீர்கள். வண்டி ஜன்னலிலிருந்து மிட்டாய் கொடுக்க வேண்டாம், எதைக் கொடுத்தாலும் மையத்துப் பெண்கள் கையால் கொடுக்கட்டும். அடுத்த வருஷம் வருவேன் என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லிவிடாதீர்கள், அவர்கள் காத்திருப்பார்கள். ஜூலையில் குன்றுகளில் இரவுக் குளிர் கடுமையாக இருக்கும், நல்ல ஸ்வெட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றியும் உங்கள் சபையில் வெளிப்படையாகப் பேசுங்கள். விமான டிக்கெட்டுக்கு ஆகும் பணத்தை அப்படியே அனுப்பிவிடலாமே என்று எங்கள் சபையிலும் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். போய்ப் பார்க்காமல் இருந்திருந்தால், என்ன தேவை என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது, ஒரு தடவை அனுப்பிவிட்டு மறந்தும் போயிருப்போம் என்பதுதான் என் பதில். இப்போது எங்கள் வாலிபர் ஐக்கியம் மாதாமாதம் சேர்க்கும் தொகை, சாட்ஸ்வொர்த் சபை வழியாக அந்தச் சமையல் அம்மாக்களின் சம்பளத்துக்குப் போகிறது. அடுத்து யாரை அனுப்பலாம் என்று அவர்களிடமே கேட்டோம். பெரிய குழு வேண்டாம், பல் டாக்டர் ஒருவரும் அந்த எலக்ட்ரீஷியன் தம்பியும் வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். தம்பி இப்போது விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறார், பல் டாக்டரைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.