மெலிந்து பிறந்த பேரனைக் கொழுக்க வைக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 61 வயது. பினாங்கின் பிறை நகரில் இருக்கிறேன். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆறாவது பிள்ளையாக, கோழிக்குஞ்சு போலப் பிறந்தேனாம். இதுவரை நான் பருத்ததே இல்லை. ஆனாலும் 42 வயதில் இனிப்புநீர் (நீரிழிவு) வந்துவிட்டது. என் மகளின் பையன் மாதம் நிறைந்தே பிறந்தான், ஆனால் 2.2 கிலோதான். இப்போது இரண்டரை வயது, 13 கிலோ. எலும்பும் தோலுமாகத் தெரிகிறான். டின் பால், மைலோ கொடுத்துத் தேற்றப் பார்க்கிறேன். கிளினிக் தாதி வேண்டாம் என்கிறார். மெலிந்த எனக்கு இந்த நோய் எப்படி வந்தது? இவனுக்கும் வருமா?

பதில்: முதலில் தராசைப் பார்த்துவிடுவோம், அம்மா. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் இரண்டரை வயது ஆண் பிள்ளைக்கு நடுக்கோடு ஏறத்தாழ 13.3 கிலோ. உங்கள் பேரன் அதை ஒட்டித்தான் நிற்கிறான். ஓடித் திரிகிற வயதில் விலா எலும்பு தெரியத்தான் செய்யும். நம் வீடுகளில் கன்னம் உப்பியிருந்தால்தான் பிள்ளை. இல்லாவிட்டால் வருகிறவர் போகிறவரெல்லாம் தாயைக் குறை சொல்வார்கள். இந்த வழக்கில் நான் தாதியின் பக்கம்.

இனி உங்கள் கதை. நீங்கள் வயிற்றில் இருந்தபோது உங்கள் அம்மா விடியுமுன் பெரட்டுக்கு (தோட்ட ஆள்கணக்கெடுப்புக்கு) போய், ரப்பர் மரம் சீவி, பால் வாளி சுமந்து, ஐந்து பிள்ளைகளுக்குப் போக மிஞ்சியதைச் சாப்பிட்டவராக இருக்கலாம். வயிற்றுப் பிள்ளை வரவு குறைந்த குடும்பத்தைப் போன்றது. மூளைக்கு வேண்டியதை முதலில் ஒதுக்கிவிட்டு மற்றச் செலவுகளில் கைவைக்கும். தசை குறையும், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் குறையும், சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளும் குறையும். அந்த வடிகட்டிகள் பிறந்த பிறகு புதிதாக முளைப்பதில்லை. சாப்பிட்ட சர்க்கரையில் ஒரு பெரும் பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். அது சிறுத்திருந்தால், ஆள் ஒல்லியாக இருந்தும் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடும்.

புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் அங்கு பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். புனேக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஆங்கிலக் குழந்தைகளுக்கு 3.5. தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லி உடம்புக்குள் கொழுப்பு என்பது நமக்குப் பிறவியிலேயே தொடங்கிவிடுகிறது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்புநீர் இருந்ததற்கு ரொட்டி சானாயை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பரம்பரையும் உண்டு, உட்கார்ந்தே செய்யும் வேலையும் உண்டு. உங்கள் அம்மாவையோ மகளையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

பேரன் விஷயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். டெல்லியில் பிறந்தது முதல் எடை பார்த்துவந்த ஒரு கூட்டத்தை 26 முதல் 32 வயதில் பரிசோதித்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் குழந்தையாக இருந்தபோது குண்டாக இருந்தவர்கள் அல்லர். இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, அதன் பிறகு உயரத்துக்கு மிஞ்சி எடை ஏறிக்கொண்டே போனவர்கள். முதல் இரண்டு வருடங்களில் எடை கூடுவது நல்லது. அதை உங்கள் பேரன் முடித்துவிட்டான். இனிமேல் நீங்கள் அவசரமாக ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் சின்ன எஞ்சினில் பெரிய லோரிப் பாரம்.

டின் பாலைப் பால் என்று நினைக்காதீர்கள். அதில் பாலைவிடச் சீனிதான் முன்னால் நிற்கிறது. பிரிட்டனில் போர்க்காலச் சீனிப் பங்கீடு 1953 செப்டம்பரில் முடிந்தது. அந்தப் பங்கீட்டுக் காலத்தில் கருவாகி வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இனிப்புநீர் வரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2024இல் ஓர் ஆய்வு காட்டியது. சீனி குறைந்ததுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அவனுக்கு முட்டை, நெத்திலி, பருப்புச் சோறு, கீரை, சீனி போடாத சாதாரணப் பால் போதும். தட்டைத் தள்ளினால் எடுத்துவிடுங்கள். கைத்தொலைபேசியைக் காட்டி வாயில் திணிப்பது வேண்டாம். மாலையில் அடுக்குமாடிக்குக் கீழே விளையாட விடுங்கள். தசை அங்கேதான் வளரும். கிளினிக் புத்தகத்தில் எடையை மட்டும் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பக்கத்தில் உயரக் கோடும் இருக்கிறது. உயரம் ஏறாமல் நின்றாலோ, எடைக்கோடு கீழிறங்கினாலோ, அப்போது உடனே காட்டுங்கள்.

மகள் அடுத்த பிள்ளைக்கு நினைத்தால், கருத்தரிப்பதற்கு முன்பே இரத்தச் சர்க்கரையும் இரத்தசோகையும் பார்த்துவிட்டு ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கச் சொல்லுங்கள்.

கடிதம் முழுக்கப் பேரனைப் பற்றித்தான். இனிப்புநீர் வந்து 19 வருடங்கள் ஆகின்றன. கண்ணின் விழித்திரையைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள் என்று ஒரு வரி இல்லை. சிறுநீரில் புரதம் பார்த்தார்களா? அடுத்த முறை பேரனைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.