சக்கரவர்த்தியின் சிலைக்கு ஒரு சவப்பெட்டி (வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: யோசெப் ரோத் எழுதிய 'ராடெட்ஸ்கி மார்ச்' நாவலைச் சென்ற இதழில் புகழ்ந்திருந்தீர்கள். ஒழிந்துபோன ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்கு ஒப்பாரி வைக்கும் கதையை, வெள்ளைக்காரன் ஆண்ட மண்ணில் இருக்கும் நாங்கள் எதற்காக ஐயா வாசிக்க வேண்டும்? - வாசகர், கோப்பாய்

பதில்: ஒப்பாரிதான். ஆனால் செத்தவரின் குற்றங்குறைகளையும் சேர்த்துப் பாடும் ஒப்பாரி. நாவலின் தொடக்கத்தில், 1859இல், இத்தாலியின் சொல்ஃபெரினோப் போர்க்களத்தில் சக்கரவர்த்தி பிரான்ஸ் யோசெப் தூரக்கண்ணாடியை உயர்த்துகிறார். எதிரி குறிவைக்க அது போதும் என்று அறிந்த லெப்டினன்ட் ட்ரோட்டா அவரைப் பிடித்துக் கீழே தள்ள, குண்டு இவன் தோளில் பாய்கிறது. பட்டமும் பதவியும் கிடைக்கின்றன. சில ஆண்டுகள் கழித்துப் பள்ளிப் பாடநூல் ஒன்றைப் புரட்டினால், அவன் குதிரையேறி வாள் சுழற்றி வந்து மன்னரை மீட்டதாக எழுதியிருக்கிறது. அவனோ காலாட்படைக்காரன்! மன்னர்வரை போய் முறையிடுகிறான். பாடம் நீக்கப்படுகிறது, அவன் மனம் வெறுத்துப் படையை விட்டே விலகிவிடுகிறான். பாடநூலில் வரலாறு என்ன பாடுபடும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்க வேண்டுமா?

அவன் மகன் மாவட்ட அதிகாரி. 1829 முதல் 1867 வரை இங்கே யாழ்ப்பாணத்தில் ஆங்கிலேயரின் அரசாங்க அதிபராக இருந்த டைக் துரையை, அவர் வாழ்ந்த பழைய பூங்காவில் வைத்து நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அந்த உத்தியோகம். ஞாயிறுதோறும் வீட்டு முன்றலில் இராணுவ பாண்டு வாத்தியம் (அது வாசிக்கும் அணிவகுப்பு இசையின் பெயர்தான் நாவலின் தலைப்பு), பிறகு அவித்த மாட்டிறைச்சியோடு மதியச் சாப்பாடு. பேரனும் லெப்டினன்ட்தான். விலைமாதர் விடுதிச் சுவரில் ஈ எச்சம் படிந்து தொங்கும் மன்னர் படத்தைக் கண்டு பொறுக்காமல் கழற்றி எடுத்துப் போகிறான். 1914இல், தாகத்தில் தவிக்கும் தன் சிப்பாய்களுக்குத் தண்ணீர் எடுக்கப் போய், இரண்டு வாளிகளோடு சுடப்பட்டுச் சாகிறான். தாத்தாவின் கையில் வாளைக் கொடுத்த பாடநூலுக்கு ரோத் சொன்ன மறுமொழி அந்த வாளிகள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ரோத் மன்னராட்சியை ஆதரித்தவராமே? - வாசகர், நல்லூர்

பதில்: ஆம், கடைசிக் காலத்தில் பிடிவாதமாகவே. 1894இல், பேரரசின் கிழக்கு மாகாணமான கலீசியாவின் பிரோடியில் பிறந்த யூதர். பேரரசு உடைந்தபின் அவர் ஊர் போலந்துக்குப் போனது; இன்று உக்ரைனில் இருக்கிறது. இனத்துக்கொரு நாடு என்று எல்லை கீறியவர்கள் யூதனுக்கென்று ஒரு முழம் நிலமும் கீறவில்லை. ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இல் ஜேர்மனியை விட்டு வெளியேறி, குடியால் உடல் கெட்டு, 1939இல் பாரிசில் 44 வயதில் இறந்தார். அந்த மனிதர் பழைய வீட்டுக்கு ஏங்கியதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் ஏக்கம் வேறு, எழுத்து வேறு. 1932இல் வந்த 'ராடெட்ஸ்கி மார்ச்'சில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பேரன் ட்ரோட்டாவின் படையே சுடுகிறது. போர் தொடங்கியதும் சொந்தக் குடிமக்களையே துரோகிகள் என்று தூக்கில் போடுகிறார்கள். இவற்றை அவர் மறைக்கவில்லை. 1938இல் வந்த அவருடைய 'கபுசினர் கல்லறை' நாவலில் இந்தக் கண்டிப்பு தளர்ந்து, கண்ணீர் கூடிவிட்டது. என் மதிப்பில் ஒரு படி கீழேதான்.

கேள்வி: எதிலிருந்து தொடங்கலாம்? - வாசகி, சுன்னாகம்

பதில்: 'சக்கரவர்த்தியின் மார்பளவுச் சிலை' என்ற கதையிலிருந்து. ஊர்ப் பிரபு ஒருவர் தன் வீட்டு வாசலில் வைத்திருக்கும் மன்னர் சிலையை அகற்றச் சொல்லிப் புதிய போலந்து அரசு உத்தரவிடுகிறது. அவர் அதற்குச் சவச்சடங்கே நடத்துகிறார். உக்ரைனியத் தச்சர் பெட்டி செய்கிறார். போலந்துக் கொல்லர் பழைய பேரரசின் சின்னமான இரட்டைத் தலைக் கழுகை அடித்துக் கொடுக்கிறார். யூத எழுத்தர் ஆசிமொழி எழுதுகிறார். பாதிரிமாரும் யூத மதகுருவான ரபியும் ஒன்றாக ஊர்வலத்தில் போகிறார்கள். கொஞ்சம் அசட்டுத்தனமான கதை என்று முதலில் தோன்றும், முழுவதும் வாசியுங்கள். ஆங்கிலத்தில் மைக்கேல் ஹோஃப்மன் மொழிபெயர்ப்பு நல்லது. அதன்பிறகு 'ராடெட்ஸ்கி மார்ச்'. அதில் மாவட்ட அதிகாரியின் கிழட்டு வேலைக்காரர் சாகும் பகுதியை மட்டும் அவசரப்பட்டுப் புரட்டிவிடாதீர்கள்.