கிழமை பார்த்து அரண்மனை, மாதம் பார்த்து கப்பல்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஆவணியில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். அது முடிந்ததும் பெற்றோரை எங்காவது அழைத்துப்போக நினைக்கிறோம். அம்மாவுக்கு மைசூர் அரண்மனையை விளக்கு அலங்காரத்தோடு பார்க்க வேண்டும். அப்பாவுக்குக் கப்பலில் ஓர் இரவாவது தங்க வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி உண்டு. நான், மனைவி, 7 வயது மகன் என்று மொத்தம் ஐந்து பேர். ஒரே வாரத்தில் இரண்டையும் முடித்துவிடலாமா? கப்பலுக்கு ஒரு ஏஜென்ட் தலைக்கு இவ்வளவு என்று சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

முடித்துவிடலாம், ஆனால் முடிக்காதீர்கள். திருக்கடையூர் போய் ஹோமம், அபிஷேகம் என்று விடியற்காலையிலிருந்து உட்கார்ந்து எழுந்த உடம்பு இரண்டு மூன்று நாளாவது வீட்டில் கிடக்க வேண்டும். அதன்பின் மைசூர், ஒரு வாரம் இடைவெளி விட்டுக் கப்பல். எதற்கு முதலில் பணம் கட்டுவது என்று கேட்டால் கப்பலுக்கு. கப்பல் குறிப்பிட்ட தேதியில்தான் கிளம்பும், நம் வசதிக்கு நகராது. மைசூர் அரண்மனை எந்த வாரமும் அங்கேயேதான் இருக்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, ரயில் டிக்கெட்டை ரத்து செய்து காசு இழக்கிறார்கள்.

முதலில் அம்மாவின் அரண்மனை. முழுநேர விளக்கு அலங்காரம் தினமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும்தான், இரவு 7 மணியளவில் முக்கால் மணி நேரம் எரியும். தசரா நாட்களில் தினமும் உண்டு, ஆனால் அந்தக் கூட்டத்தில் முட்டிவலிக்காரரைக் கூட்டிப்போகச் சொல்லமாட்டேன். ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும்போது வாய் பேசாமல் நிற்கத் தோன்றும். அதைத் திங்கட்கிழமை போய்த் தவறவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

அதே நேரம், ஞாயிறு பகலில் உள்ளே போகாதீர்கள். அன்றுதான் நெரிசல். ஞாயிறு மாலை வெளியே நின்று விளக்கு, திங்கள் காலை 10 மணிக்குக் கதவு திறந்ததும் உள்ளே: இந்த வரிசைதான் சரி. மைசூர் அரண்மனைக்கு வார விடுமுறை இல்லை என்பதால் இது நடக்கும். மற்ற இடங்களில் அப்படி இல்லை. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. சந்திரகிரி ராஜமகாலில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. நம் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். கிழமை தெரியாமல் கிளம்பினால் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கல் தரை, நீண்ட நடை, தர்பார் மண்டபத்துக்கு மாடிப்படி. அம்மாவுக்குத் தடிமனான காலுறை ஒன்று போட்டு அழைத்துப்போங்கள். வாசலிலேயே வீல்சேர் விசாரியுங்கள். அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வார், நீங்கள் கேட்டு வையுங்கள். எல்லா அறையையும் பார்த்தே தீர வேண்டும் என்று இழுக்க வேண்டாம். கல்யாண மண்டபத்தின் மயில் ஓவியக் கண்ணாடிக் கூரையின் கீழ் கொஞ்ச நேரம் நிற்கட்டும். அந்தக் கண்ணாடி வேலை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்தது. இந்த அரண்மனை ரொம்பப் பழையது என்று நினைப்பார்கள், இல்லை. முன்பு இருந்த மர அரண்மனை 1897-இல் இளவரசி ஜயலட்சம்மண்ணியின் கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்துபோனது. அதன்பின் எழுப்பி 1912-இல் முடித்ததுதான் இப்போது இருப்பது. வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின். நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் எழும்பூர் ரயில் நிலையத்திலும் அவர் கைவண்ணம் உண்டு. இதை மகனிடம் சொல்லிவிட்டுக் கூட்டிப்போனால் கோபுரங்களை அவனே ஒப்பிட்டுப் பார்ப்பான்.

திங்கள் மதியம் சாப்பிட்டு ஓய்வெடுத்தபின் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்விட்டு வாருங்கள், 15 கிலோமீட்டர்தான். அங்கே திப்புவின் கோடைகால மாளிகையான தரியா தௌலத் இருக்கிறது, 1784-இல் கட்டியது. ஒரே தளத்தில் சுற்றிப் பார்க்கலாம், அம்மாவுக்கு இதுதான் எளிது. அதன் சுவர் முழுக்கப் போர் ஓவியம். அதில் இருப்பது 1780-இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஆங்கிலேயப் படையை ஹைதரும் திப்புவும் முறியடித்த சண்டை. நம் ஊர்க் காட்சி கர்நாடகத்துச் சுவரில் இருக்கிறது.

என் கருத்தில், வேலூர்க்காரர்கள் மைசூருக்குப் போகும் முன் ஒரு மாலை நம் கோட்டைக்குள் நடந்துவிட்டுப் போக வேண்டும். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தபின், அவர் பிள்ளைகளையும் அரண்மனைப் பெண்களையும் கொண்டுவந்து வைத்தது இந்தக் கோட்டை மகால்களில்தான். 1806 ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருவரின் கல்யாணம் நடந்தது, மறுநாள் விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் இங்கேயே இறந்தவர்களின் கல்லறைகள் இன்றும் வேலூரில் இருக்கின்றன. அகழியில் படகு விடும் இடம் என்று மட்டும் கோட்டையைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு, மைசூரின் கதையில் நம் ஊர் எங்கே வருகிறது என்று தெரிந்தால், பார்க்கும் பார்வையே மாறும்.

ரயில் விஷயம். காட்பாடியிலிருந்து இரவு காவேரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் மைசூர். பகலில் சென்னை–மைசூர் சதாப்தியும் வந்தே பாரத்தும் காட்பாடியில் நிற்கும். முட்டிவலி இருப்பவருக்குப் பகல் வண்டியின் இருக்கைதான் மேல், பெர்த் ஏறி இறங்கும் பாடு இல்லை. வந்தே பாரத் வாரத்தில் ஒரு நாள் ஓடாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு வண்டிதான் என்றால் ஐந்து பேருக்கும் ஒரே டிக்கெட் எடுக்காதீர்கள். 60 வயது ஆண்களுக்கும் 45 வயது தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு தனியாக இருக்கிறது. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அது கிடைக்கும். பெற்றோர் இருவருக்கும் அந்த ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட், உங்கள் மூவருக்கும் வேறொரு டிக்கெட். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும்.

மைசூர் வரை போக அம்மாவின் முட்டி ஒத்துழைக்குமா என்று சந்தேகமாக இருந்தால், முதலில் சந்திரகிரிக்கு ஒரு நாள் போய் வாருங்கள். சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி போகும் பாதையில், திருப்பதிக்குச் சற்று முன்னால் இருக்கிறது. 1911 வரை அது நம் வட ஆர்க்காடு மாவட்டம்தான். விஜயநகர மன்னர்களின் கடைசிக்காலத் தலைநகரங்களில் சந்திரகிரியும் ஒன்று, வேலூரும் ஒன்று. மூன்று அடுக்கு ராஜமகால், மரமே சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. பின்னால் மலை, முன்னால் புல்வெளி, கூட்டமும் குறைவு. தொல்லியல் துறை இடம் என்பதால் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் இல்லை, பெரியவர்கள் ஆன்லைனிலேயே எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவாகப் பேர் பெற்ற இடமில்லை என்பதால் நம் ஆட்கள் திருப்பதி போகும்போது தாண்டியே போய்விடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்.

இனி அப்பாவின் கப்பல். சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் வருடம் முழுக்கக் கிடையாது. கோர்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது. மும்பையை மையமாக வைத்து ஓடும் கப்பல் அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடலைக் கலக்கிவிடும். அந்த மாதங்களில்தான் அது நம் பக்கம் வருவது வழக்கம். ஆவணி அதற்குள் அடங்குகிறது, உங்கள் அதிர்ஷ்டம். ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளிப்போடாதீர்கள், அது வங்கக் கடலின் புயல் காலம். இந்த வருடத் தேதிகளை நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டு, அதன்பிறகு ஏஜென்டிடம் பேசுங்கள்.

எந்தப் பயணம் என்பதை அடுத்து முடிவு செய்யுங்கள். கடலுக்குள் போய்த் திரும்பிவரும் குறுகிய பயணமோ, இந்தியத் துறைமுகங்களுக்குள் மட்டும் போவதோ என்றால் அரசு அடையாள அட்டை போதும். இலங்கை தொடும் பயணம் என்றால் ஐந்து பேருக்கும் பாஸ்போர்ட் வேண்டும், மகனுக்கும் சேர்த்து. காலாவதிக்கு இன்னும் ஆறு மாதமாவது இருக்க வேண்டும். சிறுவர்களின் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்குத்தான் செல்லும், அதனால் முன்பு எடுத்ததை நம்பி இருக்காமல் எடுத்துப் பாருங்கள். அப்பாவின் ஆசை கப்பலில் தங்குவதுதான், ஊர் பார்ப்பதல்ல. எனவே இரண்டு இரவுப் பயணமே போதும் என்பேன். நாலைந்து நாள் என்றால் மூன்றாம் நாள் அம்மாவுக்கு வீட்டு ரசம் நினைவுக்கு வந்துவிடும்.

பெயர் விஷயத்தில் நம் ஆட்களுக்கு எப்போதும் சிக்கல். ஆதாரில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் விரிந்து வேறு வரிசை, டிக்கெட்டில் ஏஜென்ட் போட்டது மூன்றாவது. எந்த அட்டையைத் துறைமுகத்தில் காட்டப்போகிறீர்களோ அதில் இருக்கும் எழுத்துகள்தான் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். அட்டையின் போட்டோவை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள், வந்த டிக்கெட்டை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

முன்பணத்துக்கு வருகிறேன். ஏஜென்ட் சொன்ன "தலைக்கு இவ்வளவு" என்பது பெரும்பாலும் ஒரு கேபினில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் அடிப்படைக் கட்டணம். அதன்மேல் துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. ஏறும். கப்பலில் மது, வைஃபை, சில தனி உணவகங்கள், கரையில் சுற்றிக் காட்டுவது ஆகியவற்றுக்குத் தனிக் காசு. ஆகவே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐந்து பேரும் இறங்கி வீட்டுக்கு வரும்வரை மொத்தம் எவ்வளவு, எழுதிக் கொடுங்கள்." எழுதித் தந்தால் மேலே பேசலாம். எத்தனை நாளுக்கு முன்பு ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். தனிநபரின் போன் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள்; அலுவலகப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குச் செலுத்தி ரசீது வாங்குங்கள். பணம் கட்டிய அன்றே கப்பல் நிறுவனத்தின் முன்பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, நிறுவனத்துக்கு நீங்களே போன் செய்து அந்த எண்ணில் உங்கள் பெயர்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். நேர்மையான ஏஜென்ட் இதற்குக் கோபப்படமாட்டார்.

கேபின் தேர்வில் கொஞ்சம் மெனக்கெடுங்கள், பெரியவர்களின் தூக்கம் அதில்தான் இருக்கிறது. இரண்டு கேபின் எடுங்கள், பக்கத்துப் பக்கத்தில். மூன்றாவது ஆளுக்குச் சுவரிலிருந்து இறக்கும் மேல்படுக்கைதான் பல கேபின்களில் வரும், அது உங்கள் மகனுக்குக் கொண்டாட்டம். உள்பக்கக் கேபின் மலிவு, ஆனால் ஜன்னலே கிடையாது. இரவில் எழுந்தால் மணி என்ன, விடிந்ததா என்று தெரியாது, வயதானவர்கள் தடுமாறுவார்கள். பெற்றோருக்குக் கடல் தெரியும் ஜன்னல் கேபின் எடுங்கள். பால்கனிக்குக் கூடுதல் காசு கொடுப்பது இரண்டு இரவுக்கு வீண். திறந்த தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அப்பா வேண்டுமட்டும் கடல் பார்க்கலாம். கப்பலின் முனையும் பின்பக்கமும் அதிகம் ஆடும். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. லிப்டுக்குப் பக்கம் வேண்டும், ஆனால் நடனம், பாட்டு, சூதாட்டக் கூடம் உள்ள தளத்துக்கு நேர் மேலோ நேர் கீழோ வேண்டாம். தள வரைபடம் இணையதளத்தில் இருக்கும், அதை வைத்துக்கொண்டு கேபின் எண்ணை நீங்களே கேளுங்கள். பயண வாந்திக்கு மாத்திரை வேண்டுமா என்று அப்பாவின் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிரஷர் மாத்திரையோடு எது ஒத்துப்போகும் என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

புறப்படும் நாள். கப்பல் மாலையில் கிளம்பினாலும் செக்-இன் அதற்கு வெகுமுன்பே மூடிவிடும். காட்பாடியிலிருந்து சென்னை 130 கிலோமீட்டர்தானே என்று மதியம் கிளம்பினால், ஸ்ரீபெரும்புதூர் நெரிசலில் நிற்கும்போது கப்பல் காத்திருக்காது. முந்தின இரவே சென்னையில் தங்குங்கள். பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், சில மணி நேரம் கழித்துத்தான் கேபினுக்கு வரும். அதனால் மாத்திரை, கண்ணாடி, ஒரு மாற்றுத் துணி ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப்பெட்டி, மின்சாரக் கெட்டில், வெளிச் சாப்பாடு எதுவும் உள்ளே விடமாட்டார்கள். முறுக்கு டப்பாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும், அந்தக் கவலை வேண்டாம்.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று நடக்கும். எந்தப் படகு, எங்கே கூட வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். இத்தாலியில் 2012-இல் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபின் இதைக் கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனே நடத்தியே ஆக வேண்டும் என்று உலகம் முழுக்க விதி கொண்டுவந்தார்கள். பலர் போட்டோ எடுத்துக்கொண்டு நழுவுவார்கள். நீங்கள் பெற்றோர் இருவரையும் அழைத்துப்போய் முழுவதும் கேளுங்கள், அம்மாவின் முட்டி பற்றி ஊழியரிடம் அப்போதே சொல்லி வையுங்கள்.

கரை மறைந்ததும் எல்லோருடைய போனையும் விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் போன் தானாக ஒட்டிக்கொண்டால், ஒரு வீடியோ காலுக்கே பெரிய பில் வரும்.

தேதி ஒத்துவரவில்லை என்றால் அப்பாவை ஏமாற்றாமல் ஆலப்புழை படகுவீட்டுக்கு அழைத்துப்போகலாம். ஆலப்புழை எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நிற்கும். மாலையில் படகைக் கரையோரம் கட்டிவிடுவார்கள், இரவில் ஓட்டமாட்டார்கள், அதனால் அம்மாவுக்குத் தலைசுற்றல் பயமும் இல்லை.

இன்று செய்ய வேண்டியது இரண்டு. கப்பல் நிறுவனத்தின் ஆவணித் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பீரோவைத் திறந்து ஐந்து பேரின் அட்டைகளையும் பாஸ்போர்ட்டுகளையும் எடுத்துப் பெயரையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். பாஸ்போர்ட் இல்லாமல் இலங்கைப் பயணம்தான் வேண்டும் என்றால், வேலூர் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையத்தில் இந்த வாரமே நேரம் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு முன்பணம் கொடுத்தால் போதும்.